சொன்னதை அப்படியே சொல்லு

சலூன்காரர்: கன்னத்தை இழுத்துப் பிடி. இழுத்துப் பிடிச்சாத்தான் பிளேடு வழுக்கும். கரும்பலகையா அழிக்கிற?

டீச்சர்: பேசாம இருங்க ஐயா. நீங்க பேசினா தாடை ஆடுது, பிளேடு எங்கயோ போகுது.

சலூன்காரர்: முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊர்ல சலூன் வெச்சிருந்தவன் நான். எனக்கு ஷேவிங் பண்ண ஒரு ஸ்கூல் டீச்சர்! அதுவும் ஒரு வருஷம் லீவு போட்டுட்டு, நம்ம நாட்டுலேருந்து பிளேன் ஏறி வந்து...

டீச்சர்: உங்களுக்காக ஒண்ணும் வரல. இந்த முதியோர் ஹோமுக்கு வாலண்டியரா வந்தேன். துணி மடிக்கிற ரூம்ல நிம்மதியா இருந்தேன். ஸ்ட்ரோக் வந்ததுல இவருக்கு எங்க பாஷை மறந்துபோச்சு, தமிழ் மட்டும்தான் நிக்குது, நீ தமிழாச்சே, போய் நடுவுல நின்னு பேசுன்னு அனுப்பிட்டாங்க.

சலூன்காரர்: மாட்டிக்கிட்ட.

டீச்சர்: நல்லா மாட்டிக்கிட்டேன்.

சலூன்காரர்: சரி... டீ எங்க?

டீச்சர்: ...இன்னிக்கு டீ இல்ல.

சலூன்காரர்: ஏன், அந்தக் கெட்டிப் பொடி தீந்துபோச்சா? தீந்தா நல்லதுதான். டீயா அது? சுவர்ல போஸ்டர் ஒட்டலாம்.

டீச்சர்: பொடி கலக்காம குடிச்சா உங்களுக்கு நுரையீரலுக்குள்ள போயிடும். எத்தனை தடவை சொல்றது?

சலூன்காரர்: சரிம்மா, அந்தப் பசையையாவது குடு.

டீச்சர்: எக்ஸ்ரே இருக்கு. பத்து மணிக்கு வண்டி வரும். வெறும் வயித்துல இருக்கணும்.

சலூன்காரர்: எதுக்கு எக்ஸ்ரே?

டீச்சர்: தொண்டைக்கு.

சலூன்காரர்: போன மாசமும் தொண்டைக்குத்தான் எடுத்தாங்க. சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒண்ணைக் குடிக்கச் சொல்லி எடுத்தாங்க. பட்டினியெல்லாம் போடலையே.

டீச்சர்: இது வேற எக்ஸ்ரே.

சலூன்காரர்: ஓ.

டீச்சர்: மூக்குக்குக் கீழ வரேன், வாயை மூடுங்க.

சலூன்காரர்: ம்ம்...

டீச்சர்: ஆடாதீங்கன்னு சொன்னேன்!

சலூன்காரர்: ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நான் சொல்றதையெல்லாம் நீ இவங்ககிட்ட அப்படியே சொல்றியா?

டீச்சர்: அப்படியேதான் சொல்றேன். ஏன்?

சலூன்காரர்: அந்த சூப்பு நாத்தமடிக்குதுன்னு சொன்னேன். சூடு கொஞ்சம் அதிகம்னு சொல்லிட்டு வந்த.

டீச்சர்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

சலூன்காரர்: ...சமையல்காரன் மூஞ்சியைப் பாத்தாத் தெரியாதா? நாத்தம்னு சொன்னா எவன் பல்லைக் காட்டுவான்?

டீச்சர்: சூப்புதானே. போனாப் போகுது.

சலூன்காரர்: சூப்பு போகட்டும். போன செவ்வாக்கிழமை டாக்டரம்மா வந்தாங்கல்ல? வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வெக்கிறதைப் பத்திப் பேசினாங்கல்ல? நான் உன்கிட்ட என்ன சொன்னேன்?

டீச்சர்: ...வேண்டாம்னு.

சலூன்காரர்: வேண்டாம்னு மட்டுமா?

டீச்சர்: கடைசி வரைக்கும் வாயாலதான் சாப்பிடுவேன், அதுல உசுரு போனாலும் பரவாயில்லன்னு.

சலூன்காரர்: அதை அப்படியே சொன்னியா?

டீச்சர்: சொன்னேனே.

சலூன்காரர்: அதைக் கேட்டுட்டா அந்தம்மா சிரிச்சுக்கிட்டே என் தோள்ல தட்டிட்டுப் போனாங்க?

டீச்சர்: அவங்க எல்லாரையும்தான் தட்டுவாங்க.

சலூன்காரர்: வண்டி வந்துடுச்சு பாரு. ஜன்னல்ல தெரியுது. படுக்கையை இறக்குறாங்க... எக்ஸ்ரேக்குப் படுக்கை எதுக்கு?

டீச்சர்: எனக்கென்ன தெரியும்?

சலூன்காரர்: கழுத்துல பிளேடை வெச்சுட்டு எங்க பாக்குற? பிளேடைக் கீழ வை. முதல்ல பிளேடைக் கீழ வை தாயே!

டீச்சர்: வெச்சுட்டேன்.

சலூன்காரர்: அந்த வாழைப்பழம் சிக்கினதுலேருந்தே நீ சரியில்ல.

டீச்சர்: வாழைப்பழத்தைப் பத்திப் பேசாதீங்க.

சலூன்காரர்: பேசுவேன். ஒரு துண்டு தொண்டைல நின்னுச்சு. நீ முதுகுல நாலு போடு போட்ட. வெளிய வந்துடுச்சு. முடிஞ்சுபோச்சு.

டீச்சர்: உங்களுக்கு முடிஞ்சுபோச்சு! எனக்கு முடியல. உதடு நீலமாகி, கண்ணு ரெண்டும் மேல செருகி... நீங்க பாக்கல ஐயா, நான் பாத்தேன். என் கையில ஸ்பூன் இருந்துச்சு. நான் ஊட்டின துண்டு. உங்களை நானே கொன்னுட்டேன்னு நெனச்சேன். ஒவ்வொரு வாய்க்கும் தாடையை நெஞ்சோட வெச்சு முழுங்குங்க, ரெண்டு தடவை முழுங்குங்க, செருமுங்கன்னு சொல்லிட்டு நிக்கிறேன். அது உள்ள எறங்குற வரைக்கும் நான் மூச்சே விடறதில்ல. தெரியுமா உங்களுக்கு?

சலூன்காரர்: தெரியும். நீ மூச்சு விட்டப்புறம்தான் அடுத்த வாய் கேப்பேன்.

டீச்சர்: குழாய் வெச்சா இப்ப என்ன கெட்டுப்போச்சு? எடை ஏறும். சளி கட்டாது. நாலு வருஷம் கூட இருப்பீங்க.

சலூன்காரர்: கை போச்சு. கால் போச்சு. கடை போச்சு. பொழுதுக்கும் இந்த ஜன்னல். மூணு வேளை நாக்குல ஏதோ படுதே, அது ஒண்ணுதான் எனக்குன்னு மிச்சம். அதையும் பிடுங்கிட்டு வயித்துக்கு நேரா பைப் சொருகினா... நான் என்ன மொட்டை மாடித் தண்ணித் தொட்டியா?

டீச்சர்: அப்படிப் பேசாதீங்க.

சலூன்காரர்: அழாத. சோப்பு காயுது, தொடைச்சு விடு. உனக்கு ஏதாவது என்கிட்ட சொல்லணுமா? இருந்தா இப்பவே சொல்லிடு.

டீச்சர்: டாக்டர் வராங்க ஐயா. நான் அவங்க பாஷைல பேசிக்கிறேன், நீங்க கொஞ்சம் கம்முனு இருங்க.

டாக்டர்: காலை வணக்கம். தயாராகிவிட்டாரா? வண்டி கீழே நிற்கிறது.

டீச்சர்: தயார்தான், டாக்டர்.

டாக்டர்: இதை அவருக்குத் தமிழில் சொல்லிவிடுங்கள். குழாய் பொருத்த அரை மணி நேரம் ஆகும். வயிற்றில் சின்னத் துளை, மரத்துப்போக ஊசி போடுவார்கள். பிறகு உணவு முழுவதும் குழாய் வழியாகத்தான், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. செவ்வாய்க்கிழமை அவர் சம்மதித்தது எனக்கு உண்மையிலேயே பெரிய நிம்மதி.

சலூன்காரர்: என்னவாம்?

டீச்சர்: எக்ஸ்ரே அரை மணி நேரம்தானாம்.

சலூன்காரர்: அவ்வளவு நேரம் பேசினாங்களே?

டீச்சர்: அவங்க பாஷை நீளம்.

டாக்டர்: ஏதாவது கேட்கிறாரா?

டீச்சர்: வலிக்குமா என்று கேட்கிறார், டாக்டர்.

டாக்டர்: வலிக்காது என்று சொல்லுங்கள். இது சம்மதப் படிவம். இடது கையால் அவர் ஒரு கோடு போட்டால் போதும். மொழிபெயர்த்தவர் என்று கீழே நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்.

டீச்சர்: ஐயா, இதுல ஒரு கோடு போடுங்க. எக்ஸ்ரேக்கு.

சலூன்காரர்: டீச்சரம்மா, என் மூஞ்சியைப் பாரு.

டீச்சர்: போடுங்க ஐயா, வண்டி நிக்குது.

சலூன்காரர்: பாருன்னு சொல்றேன்ல! கடைசியா சொல்றேன். குழாய் வேண்டாம். எனக்கு வேண்டாம். இதை அந்தம்மாகிட்ட அப்படியே சொல்லு. உன் வாயால சொல்லிடு... உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன், நீயே சொல்லிடு.

டாக்டர்: ஏன் இப்படிக் கலங்குகிறார்? என்ன சொன்னார்?

டீச்சர்: கொஞ்சம் பயமாக இருக்கிறதாம், டாக்டர். ஆனால்... சம்மதம்தானாம்.

சலூன்காரர்: இல்லை, டாக்டர். நான் சம்மதிக்கவில்லை.

டாக்டர்: என்ன இது... எங்கள் மொழியிலா பேசுகிறீர்கள்?

சலூன்காரர்: உங்கள் மொழியில்தான். எனக்குக் குழாய் வேண்டாம். வாயால்தான் சாப்பிடுவேன். மூச்சு அடைக்கலாம், காய்ச்சல் வரலாம், செத்தும் போகலாம். எல்லாம் தெரியும். யார் கையால் ஊட்டும்போது அது நடந்தாலும் அவர்மேல் குற்றமில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டர்: ஆனால் செவ்வாய்க்கிழமை சம்மதம் என்று டீச்சர் சொன்னாரே...

சலூன்காரர்: அன்று நான் சம்மதம் என்றுதான் சொன்னேன். அவர் சரியாகத்தான் சொன்னார். இன்று மனம் மாறிவிட்டேன்.

டாக்டர்: இப்போதும் அதையேதானே சொன்னார்?

சலூன்காரர்: அழுதுகொண்டே பேசினேன். என் நாக்கும் குழறும். அவருக்கு விளங்கியிருக்காது.

டாக்டர்: டீச்சர், அப்படியா?

டீச்சர்: ...ம்.

டாக்டர்: சரி. வேண்டாம் என்றால் வேண்டாம். உடம்பு உங்களுடையது. இந்தப் படிவத்தை மாற்றி எழுதி மதியம் கொண்டுவருகிறேன், வண்டியைத் திருப்பி அனுப்புகிறேன். மொழி திரும்பிவிட்டதே, அது நல்ல செய்தி! டீச்சர், இனி இவருக்கு நடுவில் ஆள் தேவையில்லை. நாளையிலிருந்து நீங்கள் மூன்றாவது மாடி. அங்கே ஊட்டிவிட ஆளே இல்லை.

டீச்சர்: ...சரி, டாக்டர்.

சலூன்காரர்: போயிட்டாங்களா?

டீச்சர்: போயிட்டாங்க.

சலூன்காரர்: அப்ப டீ கொண்டா. பசி உசுரு போகுது.

டீச்சர்: டீ இருக்கட்டும்! எப்ப திரும்பி வந்துச்சு அந்தப் பாஷை?

சலூன்காரர்: முதல்ல நெசமாவே ஒரு சொல்லுகூட வரல. நாக்கைப் புடுங்கிப் போட்ட மாதிரி கிடந்தேன். நீ இந்த ரூமுக்கு வந்த நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ... காலைல நர்ஸ் பேசினது எல்லாம் புரிஞ்சுது.

டீச்சர்: நாலு மாசமாவா? அப்ப செவ்வாக்கிழமை நான் சொன்ன பொய்யி...

சலூன்காரர்: ஒரு எழுத்து விடாம கேட்டேன்.

டீச்சர்: கேட்டுட்டுமா சும்மா இருந்தீங்க? உங்களைக் கேக்காம உங்க வயித்துல ஓட்டை போட ஏற்பாடு பண்ணியிருக்கேன், அன்னிக்கே இவ பொய் சொல்றான்னு கத்தியிருக்க வேண்டாமா? இன்னிக்கு அந்தப் பேப்பர் முன்னால வர வரைக்கும் எதுக்குய்யா வாயை மூடிட்டு இருந்தீங்க?

சலூன்காரர்: எனக்குப் பாஷை வந்துடுச்சுன்னு தெரிஞ்ச மறுநாளே உன்னை இங்கேருந்து மாத்திடுவாங்கன்னு தெரியும்மா... நீ பக்கத்துல உக்காந்து தமிழ்ல திட்டிக்கிட்டே இருக்கறதா இருந்தா, குழாயே இருந்துட்டுப் போகட்டும்னுகூட இந்த ஒரு வாரமா நெனச்சுப் பாத்தேன்.