எதிர்வீட்டின் விலை

வீடு பார்க்கப் போகிறவர்கள் மூக்கைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கண்ணை மட்டும் நம்பினால் புதுப் பெயின்ட்டில் மயங்கிவிடுவார்கள். அந்தப் பெயின்ட்டுக்குப் பின்னால் ஈரம் ஊறிக்கொண்டிருக்கும். அதை மூக்குதான் சொல்லும்.

தாளையும் பேனாவையும் கொடுத்து, "நடந்ததை உங்க கையாலயே எழுதிடுங்கம்மா, சுருக்கமா" என்றீர்கள். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது, ஐயா. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைச் சொல்வார்கள், அவர்களுக்கு என்னைப் பிடிக்காது என்பதையும் சேர்த்து.

என் மகளும் மாப்பிள்ளையும் எட்டு மாதம் ஞாயிறு தவறாமல் வீடு தேடினார்கள். நானும் உடன் போனேன். கூப்பிட்டார்களா என்று கேட்டால், வராதே என்று யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். நாலாக மடித்த தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தார். பகுதி, பஸ், பள்ளிக்கூடம், தண்ணீர், கடைசியில் விலை. விலைக்கு மேலே சிவப்பு மையில் ஒரு தொகை. அதைத் தாண்டி யாராவது பேசினால் அவர் முகம் பல்வலிக்காரர் முகம் மாதிரி ஆகிவிடும்.

அந்தத் தொகைக்கு இந்த நகரத்தில் என்ன கிடைக்கும் என்பதை நான் பார்த்துவிட்டேன். ரயில் பாதையை ஒட்டி ஒரு மூன்றாவது மாடி. வீட்டுக்காரர் "சத்தமெல்லாம் பழகிடும்" என்றார், கத்திக்கொண்டே. குப்பைமேட்டுக்குப் பின்னால் ஒரு புதுக் குடியிருப்பு. அறைக்கு அறை வாசனைத் திரவம் அடித்திருந்தார்கள். சர்க்கரைக் கிண்ணத்தில் உட்கார்ந்த ஈயை அந்த வீட்டம்மா ஒரு கையால் விரட்டி, அதே விரலால் காபிக் கோப்பையின் விளிம்பைப் பிடித்து என்னிடம் நீட்டினார். நான் வயிறு சரியில்லை என்றேன். பொய்யில்லை, அப்போது சரியில்லாமல்தான் போனது.

இன்னொரு இடம் பள்ளத்தில் இருந்தது. பீரோவை நகர்த்திப் பார்த்தேன். சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு, வீடு முழுக்கச் சுற்றி ஓடியது.

"இது என்னங்க, வெள்ளம் வந்த மட்டமா?"

"அது டிசைன்மா" என்றார் உரிமையாளர்.

மாப்பிள்ளை அதைத் தாளில் குறித்துக்கொண்டார். டிசைன் என்று குறித்தாரா வெள்ளம் என்று குறித்தாரா, தெரியாது. நான்காவது வீட்டின் குளியலறை வடிகாலில் யாருடையதோ ஈர முடி ஒரு சுருளாக, எலிவால் கனத்தில் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் படியில் இறங்கும்போது என் காதருகில் சொன்னாள், "அம்மா, போற வீட்டுலெல்லாம் மூக்கைப் பொத்தாதம்மா. மனுஷங்க இருக்குற வீடும்மா அது."

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீடு அமையாவிட்டால், பேத்தியைக் கூட்டிக்கொண்டு சம்பந்தியம்மா வீட்டு மாடிக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. இங்கிருந்து இரண்டு பஸ், ஒரு ரயில். சம்பந்தியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். தட்டு தேய்க்கிற பிரஷ்ஷாலேயே சிங்க்கையும் தேய்ப்பார், அவ்வளவுதான். அந்தத் தட்டில் என் பேத்தி சாப்பிடுவாள் என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து போய் என் வீட்டுத் தட்டுகளை இன்னொரு தடவை கழுவி வைப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீடு விற்பனைக்கு வந்தது.

எதிர்வீட்டில் நூலகர் அக்கா தனியாக இருந்தாள். முப்பது வருடம் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டை விற்று, வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ள நினைத்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் அவளுக்கு மூக்கு போய்விட்டது. எந்த வாசனையும் தெரியாது. நாக்கிலும் பாதி போயிற்று. உப்பு தெரியும், உறைப்பு தெரியும், கெட்டுப்போனது தெரியாது.

அதனால் தினமும் காலையில் ஒரு பாத்திரத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். "தங்கச்சி, இதைக் கொஞ்சம் மோந்து பாரேன்." பால், நேற்றைய சோறு, முந்தாநாள் கறி, சில நாள் துவைத்த துணி. ஒருமுறை தலையணையைக்கூடக் கொண்டுவந்தாள். அடுத்தவர் பாத்திரத்துக்குள் மூக்கை விடுவது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் நினைத்துப் பாருங்கள். மூன்று வருடம் செய்தேன். நல்லாயிருக்கு என்றால் சாப்பிடுவாள், கொட்டிடு என்றால் கொட்டிவிடுவாள். "என் மூக்கு உன் வீட்டுலதான் குடியிருக்கு, வாடகை கேட்டுடாத" என்று சிரிப்பாள். வீட்டுச் சாவி ஒன்றையும் என்னிடமே கொடுத்து வைத்திருந்தாள்.

அவள் சொன்ன விலை மாப்பிள்ளையின் சிவப்புத் தொகையைவிட ஒன்றரை மடங்கு.

வீடு வாங்க வருகிறவர்கள் உள்ளே பார்த்து முடித்ததும் எதிர்வீட்டில் விசாரிப்பார்கள். எதிர்வீடு என்றால் நான். நான் ஒரு பொய் சொன்னதில்லை. "தண்ணி எப்படிம்மா?" என்று கேட்டால் "இப்போ பரவாயில்லைங்க" என்பேன். அந்த 'இப்போ' போதும். "அக்கம்பக்கம் எப்படி?" என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு "நாங்க யார் வம்புக்கும் போறதில்ல" என்பேன். ஏழு குடும்பம் வந்தது, ஏழும் போனது. விலை ஒரு படி இறங்கியது. ஒரு படி போதவில்லை.

எங்கள் வீட்டு எலிப்பொறியில் வாரத்துக்கு ஒன்று விழும். வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு குப்பையில் எறிவேன். அந்த மாதம் எறியவில்லை. நூலகர் அக்கா வங்கிக்குப் போயிருந்த ஒரு காலையில், இரண்டை ஒரு பழைய தலையணை உறையில் போட்டு முடிந்து, அவள் குளியலறைக்கு மேலே இருந்த பரணில் உள்ளே தள்ளி வைத்தேன். ரப்பர் கையுறை போட்டிருந்தேன். திரும்பி வந்து கையை ஆறு தடவை கழுவினேன். மனதுக்குப் பிடிக்காத வேலையைப் பிள்ளைகளுக்காகச் செய்கிறோமே, அந்த மாதிரிதான்.

நாலாம் நாள் புரோக்கர் ஆட்களைக் கூட்டிவந்தார். அவர் மேலெல்லாம் அத்தர் பூசிக்கொள்கிற ஆள். நானும் வாசலில்தான் நின்றிருந்தேன். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார்.

"மேடம், உள்ள என்னமோ செத்துக் கிடக்கு."

நூலகர் அக்கா பதறிப்போய் என்னைப் பார்த்தாள். "தங்கச்சி, நீ வந்து பாரு."

நான் உள்ளே போனேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, அப்படி ஒரு நாற்றம். வெளியே வந்து சொன்னேன், "ஒண்ணும் இல்லையேக்கா. அவர் பூசியிருக்கிற அத்தர்தான் ஊரையே தூக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புரோக்கரிடம், "எங்க தங்கச்சி மூக்கு பொய் சொல்லாதுங்க" என்றாள். பிறகு அவர் வரவில்லை. வந்த மற்றவர்களும் கைக்குட்டையோடு திரும்பினார்கள். விலை இன்னும் இரண்டு படி இறங்கியது. அவளுக்குக் காரணமே புரியவில்லை. "என் வீட்டுல என்ன குறைன்னு யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று ஒருநாள் என் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

இன்னும் ஒரு படி. ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது, மாப்பிள்ளையின் தொகைக்கு வந்திருக்கும். அப்போது பார்த்து ஒரு பல் டாக்டர் வந்தார். கடுமையான சளி, பாவம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றிவிட்டு, "காத்தோட்டமா இருக்கு" என்றார். கேட்ட விலைக்கே ஒத்துக்கொண்டு, வியாழக்கிழமை முன்பணம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மதியம் நூலகர் அக்கா ஒரு சட்டியைக் கொண்டுவந்தாள். சனிக்கிழமை செய்த கோழிக் கறி. "ஃப்ரிட்ஜ் ரெண்டு நாளா ஓடல. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவானாம். வீடு முடிஞ்ச சந்தோஷத்துல நிறையச் செஞ்சுட்டேன், கொட்ட மனசு வரல. மோந்து பாரேன்."

மூடியைத் திறந்தாள். மேலே எண்ணெய்க்கு நடுவில் சின்னச் சின்னதாக நுரை கட்டியிருந்தது. அந்த வாடையை நினைத்து இப்போது எழுதும்போதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "நல்லாத்தான் இருக்கு."

"நீயும் கொஞ்சம் எடுத்துக்கோயேன்."

"எனக்கு இப்பத்தான் சாப்பாடு ஆச்சுக்கா."

முன்பு உங்கள் ஆட்கள் விசாரித்தபோது, செவ்வாயும் புதனும் நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை என்று சொன்னேன். வயதானவர், சர்க்கரை நோய், கெட்டுப்போன சாப்பாடு என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஊரிலிருந்து வந்த அவள் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவுக்கு நீங்க எவ்வளவோ செஞ்சீங்க" என்று அழுதார். போகவில்லை என்று சொன்னது சரியில்லை. போனேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தது. சாவியைப் போட்டுத் திறந்தேன். குளியலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். எழுந்து போக முடியாமல் எல்லாம் அங்கேயே ஆகியிருந்தது. அதை நான் விவரிக்க மாட்டேன். அதன் மேல் ஈ உட்கார்ந்திருந்தது. நான் நாலடிக்கு மேல் வைக்கவில்லை.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். நான் மூக்கைப் பொத்தியிருந்ததையும் பார்த்தாள். "ரொம்ப நாத்தமா இருக்கா தங்கச்சி? மன்னிச்சுக்கோ. எனக்குத் தெரியல" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

தண்ணீர் கொடுக்க வேண்டுமானால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். என் காலில் செருப்பு இருந்தது, ஆனாலும் முடியவில்லை. அவள் கைக்கு எட்டும் தூரத்தில் அவளது கைப்பேசி தரையில் கிடந்தது. அந்த அழுக்கில் ஒரு பொருள் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், குனிந்து எடுத்து, துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். "டாக்டரைக் கூட்டிட்டு வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பூட்டினேன். பால் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டேன். வாசலில் கிடந்தால் யாராவது கேட்பார்கள்.

புதன்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கதவைத் திறக்கும் தைரியம் என் மூக்குக்கு இல்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது, மெதுவாக. "டாக்டர் வந்தாச்சா?"

"வந்துக்கிட்டிருக்கார்க்கா" என்றேன். ஜன்னலை வெளியிலிருந்து சாத்தினேன். வாடை தெருவுக்கு வரக்கூடாது, பேத்தி சாயங்காலம் வருவதாக இருந்தாள்.

வியாழக்கிழமை பல் டாக்டர் பணத்தோடு வந்தார். சளி விட்டிருந்தது. கேட்டைத் தாண்டுமுன்பே நின்றுவிட்டார். அவர்தான் உங்களுக்குத் தகவல் சொன்னார். இரண்டு மாதம் கழித்து அந்தத் தம்பி, சிவப்புத் தொகைக்கும் கொஞ்சம் கீழேயே வீட்டை மாப்பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை தாளைக் கிழித்துப் போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த வீட்டுக்குக் குடிவந்த மகள் போன வாரம் பரணை ஒழித்திருக்கிறாள். எனக்கு எடுத்துப் போடக் கைவராமல் அப்படியே விட்டிருந்தேன். முடிச்சைப் பிரிக்காமலே கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். மஞ்சள் பூப்போட்ட உறை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் படுத்திருந்த தலையணையினுடையது.

"இது எப்படிம்மா அங்க வந்துச்சு?"

சொன்னேன். எலியை மட்டும்தான் சொன்னேன். அவள், "அந்தப் பெரியம்மாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். பெற்ற பிள்ளையிடம் எதை மறைப்பது? சட்டியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் என் சிங்க்கில் வாந்தி எடுத்தாள். அதைக் கழுவாமல் உங்களிடம் வந்துவிட்டாள். நான்தான் கழுவினேன், ஐயா, இரண்டு தடவை.

இப்போது அவர்கள் சம்பந்தியம்மா வீட்டு மாடியில் இருக்கிறார்களாம். என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று சொன்னதாக உங்கள் பெண் காவலர் சொன்னார். கோபத்தில் சொல்லியிருப்பாள். கறி கெட்டுப்போனது எனக்குத் தெரியும். நூலகர் அக்கா உயிரோடு இருந்ததும் தெரியும். பூட்டியது நான்தான், இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் யாருக்காகச் செய்தேன் என்பதையும் எழுத வேண்டும் அல்லவா? என் மகளுக்காக.

வீடு தேடத் தொடங்கிய முதல் ஞாயிறு, நான் அடுக்களையில் இருக்கிறேன் என்பதை மறந்து அவள் மாப்பிள்ளையிடம் சொன்னாள்: "குப்பைமேடானாலும் பரவாயில்லைங்க. எங்கம்மா இருக்குற தெருவுல மட்டும் வேணாம்." இந்தத் தெருவின் விலை கட்டுப்படியாகாது என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள்.