தண்ணி என்றுதான் சொன்னேன்

எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் குடிப்பழக்கம் கிடையாது, சார். இருந்தும் ஆல்கஹாலுக்கு அங்கே ‘தண்ணி’ என்றுதான் பேர். குழாயில் வருகிற பாவப்பட்டது ‘பச்சத்தண்ணி’. யார் ஆரம்பித்த கேலியோ, ஒட்டிக்கொண்டுவிட்டது.

நாங்கள் செய்வது கண்ணுக்குத் தெரியாத படிகங்கள். உப்பை எதில் கரைத்துக் காய்ச்சுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். ஆல்கஹாலில் என்றால் படிகம் பொடிசாக நின்றுவிடும். தண்ணீரில் என்றால் கொழுகொழுவென்று வளர்ந்துவிடும். பொடிசுக்குத்தான் மதிப்பு. அப்படி ஒன்றை நான் செய்து காட்டியபோது, எதில் பண்ணினாய் என்று எங்கள் பெரியவர் கேட்டார். “தண்ணியிலதான் சார்” என்றேன். மாடியை விட்டு இறங்காத மனிதருக்கு எங்கள் பாஷை எப்படித் தெரியும்? வெறும் தண்ணீரில் நுண்படிகம் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. வலிய வந்த சீதேவியை எட்டி உதைக்கலாமா? வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு தங்கச்சி வேலைக்குச் சேர்ந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை. என்னை அண்ணா என்று கூப்பிட்டதால் அந்தப் பேர். என் முறையை நிஜத் தண்ணீரில் செய்து பார்த்தாள். கொழுகொழு. மறுபடியும் கொழுகொழு. கையில் சுத்தமில்லை என்றார் பெரியவர். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

“அண்ணா, கோளாறு என் கையில இல்ல. உங்க தண்ணியிலதான் இருக்கு. எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டப் போறேன்.”

கெட்டிக்காரி.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் என் பேர் போகும். சொல்லாவிட்டால் அவள் வேலை போகும். பாம்பும் சாகக் கூடாது, கம்பும் உடையக் கூடாது. அவளுடைய கேனில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு ஆல்கஹாலை நிரப்பினேன். இரண்டுக்கும் நிறம் இல்லை, கிட்டே நின்று ஊற்றுகிறவளுக்கு வாசனைதான் காட்டிக்கொடுக்கும். அதனால் பெரியவரிடம் ஏதேதோ சொல்லி நாளைத் தள்ளிக்கொண்டே போனேன், அவளுக்குச் சளி பிடித்து மூக்கு அடைக்கும்வரை. பொறுத்தார் பூமி ஆள்வார்.

தண்ணீரை நேராகத் தீயில் வைக்கலாம். ஆல்கஹாலைத் தீப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, சுடுநீர்த் தொட்டியில்தான் சூடாக்க வேண்டும். இந்தப் பாடத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். நல்ல மாணவி, திறந்த குடுவையைத் தீயில்தான் வைத்தாள். நான் கதவோரமாக உட்கார்ந்திருந்தேன். அது தற்செயல்.

ஆஸ்பத்திரியில் கட்டுகளுக்கு நடுவே ஒரு கண் மட்டும் தெரிந்தது. “அண்ணா, கேன்ல என்னதான் இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“தண்ணிதாம்மா” என்றேன்.

மறுநாள் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது, சார், வராமல் இருக்குமா? உடைந்த குடுவையில் ஒட்டியிருந்ததை எடுத்துப் பார்த்தேன். பொடிசாகத்தான் வந்திருந்தது. கை சுத்தமான பெண் என்று பெரியவரிடம் நானே எடுத்துச் சொன்னேன்.

எழுதிக்கொள்ளுங்கள். கேனை மாற்றியவன் நான்தான். தீ பிடிக்கும் என்றும் தெரியும். ஆனால் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சாகப் போகிறவளிடம்கூட உண்மையைத்தான் சொன்னேன்.