மெஷினுக்கு அடியில ஒரு பொட்டு

கிட்ட வாங்க சார், இன்னும் கொஞ்சம்... ஆங், முதுகு நல்லா ஒட்டுற மாதிரி உக்காருங்க. பையை அந்த ஆணியில மாட்டிருங்களேன். வேணாமா? சரி, மடியிலேயே இருக்கட்டும். உள்ள என்ன, தங்கமா? ஹஹ, சும்மா கேட்டேன். தலையை இப்படிச் சாய்ங்க. அவ்வளவுதான்.

மெஷின் வித்த அந்த ஆன்லைன் கடைக்காரன் என்ன எழுதியிருக்கான் தெரியுமா சார்? "தாங்கள் திருப்பி அனுப்பக் கோரும் பொருளில் முடி காணப்படுவதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை." முடி வெட்டுற மெஷின்ல முடி இருக்காம்! ஆகா, என்ன கண்டுபிடிப்பு! இவனுக்கெல்லாம் ஒரு மாலை வாங்கிப் போடணும். ஏண்டா, முடி இருக்குன்னு முதல்ல சொன்னதே நான்தானேடா! பெட்டியைப் பிரிச்சதும் உள்ள முடி. புதுசுன்னு சொல்லி எவனோ தலையில ஓட்டுன மெஷினை எனக்கு அனுப்பிட்டு, அந்த முடியும் என் முடின்னு எனக்கே எழுதுறான். இது எப்படி இருக்கு?

உம்... பேசாதீங்க சார், நுரை வாய்க்குள்ள போயிரும். தலையை மட்டும் ஆட்டுங்க, எனக்குப் புரியும். முப்பத்தஞ்சு வருஷமா இந்த நாற்காலிக்குப் பின்னாடிதான் நிக்குறேன். ஆளுங்க வாயைப் பார்த்துப் பேசுன நேரம் கம்மி, பிடரியைப் பார்த்துப் பேசுன நேரம்தான் அதிகம்.

கடைப் பேரைக் கேளுங்க. "நேர்மைக் கடல் ஸ்டோர்ஸ்." கடல்! சும்மா குளம், குட்டைன்னு வச்சிருந்தாக்கூட நான் கொஞ்சம் யோசிச்சிருப்பேன். கடல்னு போட்டிருந்தானா, நானும் குதிச்சுட்டேன். பேருக்குப் பக்கத்துல நாலரை நட்சத்திரம் வேற. அந்த அரை நட்சத்திரத்தை எவன் பிடிச்சு வச்சிக்கிட்டான்னு தெரியல, அவன் ஒருத்தன்தான் நல்லவன்.

அங்க கண்ணாடி மூலையில பாருங்க, சோப்புக் கட்டியால எழுதியிருக்கேன். "இவர்களிடம் வாங்காதீர்கள்." கீழ ஒண்ணுன்னு நம்பர் போட்டு, "நேர்மைக் கடல்". வர்றவங்க எல்லாரும் படிப்பாங்க. படிச்சுட்டு, "அண்ணே, உங்களையேவா ஏமாத்திட்டான்?"னு கேப்பாங்க. அதென்ன சார் "உங்களையேவா"? என் நெத்தியில என்ன எழுதி ஒட்டியிருக்கு? ஆனா கேக்க நல்லாத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

கன்னத்தை உள்ள இழுத்துக்குங்க... ஆங்.

முதல் நாள் அவன்கிட்ட எழுதிக் கேட்டேன். பதிலுக்கு ஒரு பொண்ணு வருது, பேசுறது பொண்ணா மெஷினான்னே தெரியல. "உங்கள் அனுபவத்திற்கு வருந்துகிறோம்." சரிம்மா, வருந்து. "பெட்டி பிரிக்கும் வீடியோ இருக்கிறதா?" இருக்கும்மா, பதினோரு நிமிஷம் எடுத்தேன். அனுப்புனேன். அரை மணி நேரத்துல பதில் வருது, "இதில் உங்கள் முகம் மட்டுமே தெரிகிறது." அட, போட்டுப் பார்த்தா நிஜம்தான்! போனைத் திருப்பிப் பிடிச்சிருக்கேன். பதினோரு நிமிஷமும் என் மூஞ்சி. நாக்கைக் கடிச்சுக்கிட்டு டேப்பைப் பிய்க்குறேன், பல்லைக் கடிக்குறேன், "அடப்பாவி"ன்னு வாயைப் பொளக்குறேன். பெட்டியை மட்டும் காணோம். எங்க வீட்டம்மா அதைப் பார்த்துட்டு, தையல் மெஷினை நிறுத்திட்டுச் சிரிச்சா. அவ மெஷினை நிறுத்துறது ரொம்ப அபூர்வம் சார்.

அவளும் அதே ஆன்லைன்ல கடை வச்சிருக்கா, அதைச் சொல்லலையே உங்களுக்கு. இந்தத் திரைக்குப் பின்னாடிதான் தைக்குறா, கடகடன்னு சத்தம் கேக்குதுல்ல? சின்னப் பிள்ளைங்க ஃப்ராக். நேர்த்தின்னா அப்படி ஒரு நேர்த்தி. உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரு நூல் தொங்காது. நாலு வருஷமா ஒவ்வொரு தையலா போட்டு வளர்த்த கடை. வந்து வாங்குறவங்க திரும்பத் திரும்ப வாங்குறாங்க. என்ன ஒண்ணு, அக்கவுண்ட்டு என் நம்பர்லதான் இருக்கு. ஆரம்பிக்குறப்ப வீட்டுல இருந்த ஒரே போன் என்னோடது. அதனால அவ விக்குறதும் அதுலதான், நான் வாங்குறதும் அதுலதான். என் அக்கவுண்ட்டை மூடுனாங்கன்னா அவ கடையும் கூடவே போயிரும். அதான் சார் இப்ப என் கவலை.

ஏன் மூடப் போறாங்கன்னு கேக்குறீங்களா? இருங்க, வர்றேன். மணி என்ன, பத்தே முக்காலா? பதினோரு மணிக்கு, இந்தக் கடைங்களுக்கெல்லாம் இடம் கொடுக்குற அந்த ஆன்லைன் கம்பெனியிலிருந்து ஒரு ஆளு வர்றான். நான்தான் சும்மா இல்லாம மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன். "இது யார் முடின்னு ஆள் அனுப்பிப் பாருங்க, நான் நிரூபிக்குறேன்"னு சவால் விட்டேன். முடியைப் பத்தி என்கிட்டயா பேசுறான்? பிடரி முடியா, கிருதாவா, எண்ணெய் வச்ச தலையா, ராத்திரி தூங்காத தலையான்னு தொட்டுப் பார்த்தே சொல்லிருவேன் சார்.

மெஷின்ல இருந்த முடியை எல்லாம் ஊசியால எடுத்து ஒரு வெள்ளைத் தாள்ல ஒட்டுனேன். மூணு வகை. ஒண்ணு பிள்ளை முடி, பூனைக்குட்டி மாதிரி. ஒண்ணு முரட்டு முடி. மூணாவதுதான் விசேஷம், செக்கச்செவேல்னு சாயம் போட்டு, வேர்ல அரிசி நீளத்துக்கு வெள்ளை. அதுக்குக் கீழ எழுதுனேன்: "இப்படிச் சிவப்புச் சாயம் போட்ட தலை எதுவும் என் கடைப் படி ஏறியதில்லை." படம் பிடிச்சு அனுப்பிட்டேன். இந்தத் தடவை போனைச் சரியாத்தான் பிடிச்சேன். கெட்ட நேரம்.

மேல் உதட்டை இறக்குங்க... மீசையைத் தொடலை, பயப்படாதீங்க.

நேத்து மத்தியானம் எங்க வீட்டம்மா அந்தத் தாளைப் பார்த்தா. ஊசியில நூல் கோக்குறதுக்கு ஒரு பூதக்கண்ணாடி வச்சிருக்கா, அதை வச்சுப் பார்த்தா. பார்த்துட்டு, "ஏங்க, இது நம்ம டிரம்பெட் மாஸ்டர் தலை இல்ல?"ன்னா.

டிரம்பெட் மாஸ்டர்னா, பேண்டு குழுவுல ஊதுறாரே, அவரு. ஆமா சார், சாயம் போட்டிருந்தாரு. செக்கச்செவேல்னு. மூணு மாசம் முன்னாடி விட்டுட்டாரு, இப்ப தும்பைப் பூ மாதிரி வெள்ளைத் தலை. அதனால எனக்கு... மறந்தே போச்சு. முப்பத்தஞ்சு வருஷ அனுபவம்! கோபத்துல இருக்குறவனுக்கு மூக்குக்கு முன்னாடி இருக்குற முடிகூடத் தெரியாது போல.

"அவரு முடி எப்படிடி அந்தக் கடல்காரன் மெஷினுக்குள்ள போகும்? ஊதிக்கிட்டே நீந்திப் போனாரா?"ன்னு நக்கலாக் கேட்டேன். அவ மெஷினைக் கவுத்தா. அடியில, திருகாணிக்குப் பக்கத்துல, கடுகு அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. உள்ள போயி அவ நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்துட்டு வந்து பக்கத்துல வச்சுப் பார்த்தா. "கலர் சரியா இருக்கு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் சார். எல்லார் மெஷினும் ஒரே அச்சு. பக்கத்து நாற்காலிக்காரன் மாத்தி எடுத்துட்டுப் போயிருவான், அப்புறம் உன்னதா என்னதான்னு சண்டை. அதனால புது மெஷின் வந்த அன்னைக்கே அடியில ஒரு பொட்டு வச்சிருவோம். நான் வீட்டம்மா நகப்பூச்சுதான் வைப்பேன். கையி தானா செய்யும், மனசுக்குக்கூடத் தெரியாது.

இப்ப... எப்படிச் சொல்றது... நீங்க புது முகம், ஷேவிங் முடிஞ்சா உங்க வழியில போகப் போறீங்க, உங்ககிட்டச் சொன்னா என்ன. பள்ளிக்கூடம் திறக்குறதுக்கு முந்தின வாரம் என் பழைய மெஷின் படுத்துருச்சு. கடை நிறைய பிள்ளைங்க. அவசரத்துக்கு ஒண்ணு ஆன்லைன்ல வாங்குனேன், வேற ஏதோ கடை, வாயில நுழையாத பேரு. எட்டு நாள் ஓட்டுனேன். நல்லாத்தான் ஓடுச்சு. ஒன்பதாம் நாள் பழைய மெஷின் ரிப்பேராகி வந்துருச்சு. அப்புறம் இது எதுக்கு? பிரஷ்ஷால தட்டித் துடைச்சு, பெட்டியில போட்டு, "சூடாகுது"ன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டேன். மறுபேச்சுப் பேசாம பணத்தைத் தந்தாங்க, மகராசனுங்க.

அப்படிப் பார்க்காதீங்க சார். எல்லாரும் பண்றதுதானே? சூடாகலைன்னு சொல்ல முடியுமா? மெஷின்னா கொஞ்சம் சூடாகத்தான் செய்யும்.

அப்புறம் பழசு மொத்தமா செத்துப் போச்சு. மறுபடி தேடுனேன், கடல்காரன் விலை கம்மியா போட்டிருந்தான். அவன் அட்டைப் பெட்டியையும் பழைய ரசீதையும் நேத்துதான் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ரெண்டுலயும் அனுப்புன குடோன் ஒண்ணுதான்! கடைப் பேருதான் ரெண்டு. நான் திருப்பி அனுப்புன அதே மெஷினை, அதே முடியோட, புத்தம் புதுசுன்னு எனக்கே வித்திருக்கான் சார்! எவ்வளவு பெரிய அயோக்கியன் பாருங்க! இத்தனை பேரு இருக்காங்க, ஏமாத்துறதுக்கு அவனுக்கு நான்தான் கிடைச்சேனா?

அசையாதீங்க, கத்தி கையில இருக்கு.

அவ கத்தியிருந்தாப் பரவாயில்ல சார். கத்தலை. ஒரு ஃப்ராக்கை எடுத்துட்டு வந்து என் முன்னாடி பிடிச்சா. மஞ்சள் ஃப்ராக், நெஞ்சுல சாக்லேட் ஐஸ்கிரீம் கறை. யாரோ ஒரு அம்மா பிள்ளைக்குப் போட்டு, விசேஷத்துக்குக் கூட்டிட்டுப் போயி, மறுநாள் திருப்பி அனுப்புனது. "இந்த அம்மாவும் சைஸ் சேரலைன்னுதான் எழுதியிருந்தாங்க"ன்னா. மடிச்சு வச்சா. போயி தைக்க உக்காந்துட்டா. ராத்திரி சாப்பாடு போட்டா, உப்பு உறைப்பெல்லாம் சரியா இருந்துச்சு. அதுதான் எனக்குப் பயமே.

காலையில "ஏங்க, போனைக் கொடுங்க, ஒரு நம்பர் வரும்"னா. கொடுத்தேன். ரொம்ப நேரம் என்னமோ தட்டிட்டிருந்தா. அவளுக்கு ஆர்டர் வந்திருக்கும். திருப்பிக் கொடுக்குறப்ப, "முதல்ல வர்றவருக்கு ஷேவிங் நல்லாப் பண்ணுங்க"ன்னு மட்டும் சொன்னா. அப்புறம்தான் நீங்க வந்தீங்க. அவளே உங்களை வரவேத்து, நாற்காலியைத் துடைச்சு உக்கார வச்சாளே, பார்த்தீங்கல்ல? கோபம் தணிஞ்சிருச்சுன்னு நினைக்குறேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன் சார். ஒரு சின்ன உதவி. அந்தப் பொட்டைச் சுரண்டி எடுத்துட்டேன், தாளையும் ஒளிச்சு வச்சுட்டேன். அந்தக் கம்பெனி ஆளு வந்தான்னா, நீங்க ரொம்ப வருஷமா இங்க வர்ற கஸ்டமர் மாதிரி, "சிவப்புத் தலைக்காரர் யாரையும் நான் இந்தக் கடையில பார்த்ததே இல்ல"ன்னு ஒரே ஒரு வார்த்தை போட்டு வச்சிருங்க. போதும். அந்தக் கடல்காரன் ஒழிஞ்சான், எனக்கும் புது மெஷின், அவ கடையும் தப்பிச்சுது. உங்க ஷேவிங்குக்கு ஒண்ணும் தர வேணாம். தலைக்கு மசாஜும் போட்டு விடுறேன்.

என்ன சார், துண்டை எதுக்கு எடுக்குறீங்க? இந்தப் பக்கக் கன்னம் இன்னும் பாக்கி இருக்கே! நுரையோட எந்திரிச்சா எப்படி? பையை எதுக்குத் திறக்குறீங்க... என்ன அட்டை இது? போட்டோ ஒட்டி... கண்ணாடி போடாம எனக்குத் தெரியாதே...

ஓ.

மணி இன்னும் பத்து அம்பதுதானே சார் ஆகுது? பதினொண்ணுன்னுதானே போட்டிருந்தீங்க? சீக்கிரம் வரச் சொன்னது யாரு? எங்க... எங்க வீட்டம்மாவா? நேத்து சாயங்காலமே போன் பண்ணிட்டாளா?

ஏம்மா! இங்க வா! ஏன் மெஷினை நிறுத்திட்ட? என்னமோ சொல்றாரு பாரு இவரு! உன் கடை இன்னைக்குக் காலையிலிருந்து உன் நம்பருக்கு, உன் பேருக்கு மாறிடுச்சாம். அதுக்குத்தான் போனை வாங்குனியா? அப்ப மூடப் போறது என்னோடது மட்டுமா? கடல்காரனோடதும் மூடுறாங்களா சார்? அப்பாடா... அதுவாவது. எனக்கும் அவனுக்கும் ஒரே தாள்ல, ஒரே உத்தரவா? பக்கத்துப் பக்கத்துல?

அந்த முடி ஒட்டுன தாளை எங்கிருந்து எடுத்த? ஜன்னல் பலகைக்குப் பின்னாடி வச்சது உனக்கு எப்படித் தெரியும்? அவருகிட்டயே கொடுக்குற! ஐயோ, மெஷினையும் கொடுத்துட்டாளே...

சார், இருங்க சார், பாதி மூஞ்சியோட தெருவுல போகாதீங்க, என் கடைப் பேரு கெட்டுரும்! போறாரே... போயிட்டாரே.

சரி, நீயாவது ஏதாவது பேசேன். திட்டவாவது செய். சோப்புக் கட்டியை எதுக்கு எடுக்குற? கண்ணாடியில என்ன எழுதுற, நேர்மைக் கடலுக்குக் கீழ? ரெண்டுன்னு போடுறியா...

ஏய், கஸ்டமருங்க எல்லாம் படிப்பாங்கடி! என் பேரோட நிறுத்தேன்... இனிஷியலும் வேற போடுற!