அறுபதாவது ஒப்படை

அவைக்கு நடுநாயகமாய் வீற்றிருக்கும் தலைவரும் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் இந்த ரியூட்டரியின் நிறுவுநருமான ஸ்ரீஸ்கந்தராசா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, கொழும்பின் காலி வீதி நெரிசலைக் கடந்து வெள்ளவத்தைக்கு வந்து விசிறிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பரிசு எப்போது என்று மணிக்கூடு பார்க்கும் மாணவச் செல்வங்களே! பல்கலைக்கழகத்தில் நிரலாக்கம் கற்பிக்கும் அருந்ததியின் வணக்கம்.

கை தட்டாதீர்கள். வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். வாழ்த்த எனக்கு வாய் வரவில்லை.

கணினிக்குக் கட்டளை எழுதுவது விளையாட்டு என்று நம்பியவள் நான். மணலில் வீடு கட்டும் பிள்ளை, அதற்கொரு மாதிரி வினாத்தாள் கேட்கிறதா? இடிந்தால் புள்ளி குறையும் என்று அஞ்சுகிறதா? அப்படித்தான் என் வகுப்பும் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். முதலாம் வருடத்தினர் அறுபது பேரிடம் சொன்னேன்: "திரையில ஒரு ஓட்டோவை ஓட விடுங்கோ. கொட்டாஞ்சேனையிலயிருந்து வெள்ளவத்தைக்கு அது தானா வழி தேடட்டும். பிழை விடட்டும். ஏன் பிழை விட்டதெண்டு எழுதுங்கோ. அதுக்குத்தான் புள்ளி."

மிதுஷன் என்ற மாணவன் எழுந்தான். "மிஸ், இதுக்கு மொடல் ஆன்ஸர் எங்க எடுக்கிறது?"

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன், மடைச்சி!

இரண்டு கிழமையில் பிள்ளைகள் வீட்டில் செய்த ஒப்படைகள் கைக்கு வந்தன. ஐம்பத்தொன்பது ஓட்டோக்கள் பம்பலப்பிட்டியில் வலப்பக்கம் திரும்பி, ரயில் பாதை தாண்டிக் கடலுக்குள் விழுந்தன. ஒரே சந்தி! ஒரே கடல்! ஒரே பிழை! பெற்றோர் என் கேள்வியை இங்கே கொண்டுவர, நீங்கள் பிழைக்குக்கூட ஒரு மாதிரி விடை அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். தலைவர் அவர்களே, தலையாட்டுகிறீர்களே, பெருமையா?

அறுபதாவது ஒப்படை சுரேகாவுடையது. கொச்சிக்கடைப் பிள்ளை, அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஆட்கள் நிற்கும் இடமெல்லாம் நிற்கும்படி எழுதியதால், அவளுடைய ஓட்டோ ஒவ்வொரு பஸ் தரிப்பிடத்திலும் நின்று, வெள்ளவத்தைக்கு வந்து சேரவேயில்லை. ஏன் சேரவில்லை என்று நாலு பக்கம் எழுதியிருந்தாள். வாசித்து என் கண் நிறைந்தது. அவளுக்கு முழுப் புள்ளி போட்டேன்; மற்றவர்களுக்குப் பூச்சியம்.

பெற்றோர் மனுக் கொடுத்தார்கள். மறுபரிசீலனைக் குழு கூடியது. என்ன சொன்னது தெரியுமா? ஐம்பத்தொன்பது பேர் ஒரே விடை எழுதினால் அதுதான் சரியான விடையாம்! சுரேகா பெயில். என் பாடமும் நிறுத்தம்.

கேட்கப் பயம், கிறுக்கப் பயம், தடுமாறப் பயம், தவறப் பயம்! பயத்தைப் பாலோடு ஊட்டிவிட்டுப் பட்டம் எதற்கு, தாய்மாரே? யாரிடம் போய் அழுவேன்?

"முறைப்பாடு குடு பிள்ளை, நான் உன்னோட நிக்கிறன்" என்று சுரேகாவிடம் கெஞ்சினேன்.

"வேண்டாம் மிஸ். இன்னொருக்காப் பெயிலானா அப்பா தாங்கமாட்டார். அந்த ரியூட்டரி எங்க இருக்கெண்டு மட்டும் சொல்லுங்கோ."

சொன்னேன். இந்தப் பாவி வாயால்தான் சொன்னேன்.

உங்கள் பரிசுப் பட்டியல் என் கையில் இருக்கிறது. முதற் பரிசு சுரேகாவுக்கு. மறுபரீட்சையில் நூற்றுக்கு நூறு. பாடத்தை நிறுத்தினாலும் திருத்தும் வேலையை என்னிடமே தந்தார்கள்; அந்த விடைத்தாளைத் திருத்தியவள் நான். அதில் ஒரு வரிகூட அவளுடையதில்லை.

அழைத்தவர்களுக்கும் பொறுத்துக் கேட்டவர்களுக்கும் நன்றி, அனைவருக்கும் வணக்கம். சுரேகா, மேல வா அம்மா. இந்தப் பரிசை உனக்குத் தந்திட்டு நான் போகவேணும்.