கிளறன்ஸ் ஐயா பாடுவது எப்போது?

விழாத் தலைவர் திருமதி இராசமலர் அவர்களே! எனக்கு முன்பாகப் பேசி, எனக்கெனச் சில சொற்களை மிச்சம் வைத்த ஆறு பேச்சாளர்களே! ஆன்றோரே! ரோல்ஸ் பொரித்துத் தந்த தாய்மாரே! லின்ஃபீல்டிலிருந்தும் ஏவன்டேலிலிருந்தும் திரண்டு வந்த சொந்தங்களே! சோதிலிங்கத்தின் வணக்கம்.

எண்பத்தைந்து அகவை காணும் எங்கள் கிளறன்ஸ் ஐயா யார்? யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து பாட்டுக்குள் விழுந்தவர்! ஆங்கில மெல்லிசையால் ஓக்லாந்தின் மாலைகளை மயக்கிய மன்னர்! தேநீரில் நனைந்த பிஸ்கட் போலக் கரையும் குரல்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் ஆண்டு. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியிலே அவருக்கு அரைமணி நேரம். நேரலை! வென்றால் வாராவாரம் அவர். தோற்றால் அந்த இடம் தோட்டக்கலை நிகழ்ச்சிக்கு. என்ன செய்தார்? தமிழனல்லவா! நிலைய அதிபரே, கமராக்காரரே, விளக்குப் பிடிப்பவரே, வீட்டிலிருக்கும் தாய்மாரே என்று விளித்தார், விளித்தார், விளித்துக்கொண்டேயிருந்தார். பாட வாயைத் திறந்தார், நிகழ்ச்சி முடிந்துவிட்டது! சிரியுங்கள், ஐயாவே சிரிக்கிறார். மறுநாள் கடிதங்கள் குவிந்தன: “எங்களை இவ்வளவு மரியாதையாக யாரும் அழைத்ததில்லை. அடுத்த வாரமாவது அவரைப் பாடவிடுங்கள்.” பதினொரு ஆண்டுகள் பாடினார்!

யாரது எழும்புவது? ஓ, ஐயாவின் துணைவியார் அன்ரனீற்றா அன்ரி! சொல்லுங்கோ அன்ரி.

“தம்பி, ஆறு மணிக்கு வாடகை ஹோலைத் திருப்பிக் குடுக்கோணும். சும்பா டான்ஸ் ஆடுற ஆக்கள் வாசல்ல நிக்கினம். இந்த மனுசன் மூண்டு கிழமையா வெந்நீர் குடிச்சு, வீட்டில என்னைத் தூங்கவிடாமப் பாடிப் பழகினவர். எப்பயப்பா பாடுறது?”

சபையோரே, வெட்கப்படுகிறேன்! பாடகரைப் பாராட்ட ஏழு பேரைப் போட்டோமே, பாட்டுக்கு நேரம் போட்டோமா? நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். என் பெயருக்கு நேரே இருபது நிமிடம். அவர் பெயருக்கு நேரே பொன்னாடை மட்டும்! அடுக்கடுக்காய் எழுதிய ஒன்பது பக்கம் இன்னும் என் கையிலே கனக்கிறது. வாழ்நாளில் நானாக மைக்கை விட்டதில்லை. என் திருமணத்திலே நான் நன்றியுரை முடிப்பதற்குள் மணப்பெண் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டாள்! இன்று விடுகிறேன். விட்டேன்!

தலைவர் அம்மா, உங்கள் முடிவுரையை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கதவைத் திறவுங்கள்! ஆட வந்தவர்களுக்குப் பாட்டுக் கசக்குமா? அவர்களும் வந்து உட்காரட்டும். ஐயா, மெதுவாக எழுந்து வாருங்கள். இன்னும் ஒன்பது நிமிடம் இருக்கிறது; ஒன்பதும் உங்களுடையவை.

இதுவரை என்னைப் பொறுத்தவர்களுக்கு நன்றி. இனி அவரைக் கேட்கப்போகிறவர்களுக்கு வணக்கம்!