கிருத்திகையன்று தறி நிற்கும்

என் பெயர் ஜெகநாதன், வயது 58, தகப்பனார் பெயர் காலஞ்சென்ற பச்சையப்பன். பொதட்டூர்பேட்டைக்கு அருகில் சின்னப்பட்டறை கிராமம், நெசவுக்காரத் தெருவில் குடியிருந்து, விசைத்தறிக் கூடம் வைத்து லுங்கி நெய்து விற்று வருகிறேன். நான் இந்து. மாதக் கிருத்திகை தவறாமல் திருத்தணி மலையேறுகிறவன். இன்று திருத்தணி கோட்ட அலுவலக விசாரணைக்கு நேரில் வந்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

காஞ்சனா என்பவர் என் கூடத்தில் தறி ஓட்டுகிறார். கணவர் இல்லை. அவர் கிறிஸ்தவர். அவருடைய சொந்த வீடு என் கூடத்தை ஒட்டி, பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆயுத பூஜைக்குக் கூடத்தைக் கழுவிக் கோலம்வரை போட்டுவிடுவார், ஆனால் தீபாராதனைக்கு நிற்க மாட்டார். முதல் வருடம் நான் கத்தினேன். "கோவிச்சுக்காதண்ணா, வேலைய சொல்லு செய்றேன், கும்புட மட்டும் சொல்லாத" என்றார். அதன் பிறகு நான் சொல்வதில்லை.

சென்ற கிருத்திகையன்று நான் மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது தெருவில் போலீஸ் ஜீப் நின்றுகொண்டிருந்தது. எங்கள் தெரு அசோக்குமார், முருகன் நாளில் வேண்டுமென்றே காஞ்சனா வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துவதாக மனு கொடுத்திருந்தார். காஞ்சனாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பெரிய கருணையால் போகவில்லை. லாரிக்குக் கொடுக்க வேண்டிய சரக்கு பாதியில் அவர் தறியில் நின்றது.

அதன் பிறகு நிலையத்தில், அனுமதி இல்லாமல் இனி வீட்டில் கூடி ஜெபிக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடும்படியும், போடாவிட்டால் வீட்டுக்குச் சீல் வைக்கப்படும் என்றும் காஞ்சனாவிடம் சொன்னார்கள். மைக் வைக்க மாட்டேன், சத்தம் போட மாட்டேன், புதிதாக யாரையும் கூப்பிட மாட்டேன் என்று எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். கூடி ஜெபிக்க மாட்டேன் என்பதற்கு மட்டும் ஒப்பவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, ஒரு கையெழுத்து போட்டுட்டு வாயேன். வூட்டுக்குள்ள நீ என்னா பண்றன்னு எவன் வந்து பாக்கப் போறான்?" என்றேன்.

"யாரும் பாக்க மாட்டாங்கண்ணா. பண்ண மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் பண்ணா அது பொய்தானே. அந்தப் பொய்ய வாயில வெச்சிகினு எப்டி ஜெபம் பண்றது?" என்றார்.

இருப்பது அந்த ஒரு வீடு. அது போனால் மகள் மோனிஷாவோடு தெருவில்தான் நிற்க வேண்டும். தெரிந்தே சொன்னார். பேனாவை மறுபடி தொடவில்லை. எனக்கு மெய் சிலிர்த்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு உதவி ஆய்வாளர், "வேற நாளே கெடைக்கலியாம்மா ஒனக்கு? கிருத்திகைதான் கெடச்சுதா?" என்று கேட்டார். காஞ்சனா என்னைப் பார்த்தார். காரணம் நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடும், ஓட்டுகிறவன் நான். தறி ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கத்தினாலும் காதில் விழாது. கிருத்திகையன்றுதான் எல்லாத் தறியும் நிற்கும். அவர்களுக்கு ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கிற நாள் அது ஒன்றுதான். இதை நான் உதவி ஆய்வாளரிடம் சொன்னேன். முதலாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அந்த ஜெபக்கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள் என்றும் நிலையத்தில் என்னிடம் கேட்கப்பட்டது. மலைக்குப் புறப்படும் முன் தறிக்கு எண்ணெய் விடுவேன், அப்போது சுவர் வழியாகக் கேட்கும். நாலைந்து பெண்கள்தான். ஒருத்திக்கு முட்டிவலி, ஒருத்தி மகனுக்கு வேலை, கரண்ட் போகாமல் இருக்க வேண்டும், இவ்வளவுதான். எங்கள் சாமியைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. என் பெயரும் வந்திருக்கிறது. எனக்குக் கோபம் குறைய வேண்டுமாம். அது இன்னும் பலிக்கவில்லை.

அன்று சாயந்திரம், இந்த விசாரணைக்கு வரும்படி நோட்டீஸ் கொடுத்து காஞ்சனாவை அனுப்பினார்கள். மறுநாள் காலை காஞ்சனா வழக்கம்போல் வந்து, பாதியில் நின்ற லுங்கியை நெய்து முடித்தார்.

அண்டைவீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கு ஆட்சேபணை உண்டா என்று இப்போது கேட்கப்பட்டது. இல்லை. நாலு பேரோடு சேர்ந்து மலைக்குப் போக மாட்டேன் என்று என்னிடம் எழுதிக் கேட்டால் நானும் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தத் துணிச்சல் எனக்கு முன்பு இருந்ததில்லை, அந்த அம்மாளைப் பார்த்து வந்தது.

வரும் கிருத்திகைக்கும் என் தறிகள் நிற்கும். மலைக்குப் புறப்படும் முன் மெயின் சுவிட்சை நானே அணைத்துவிட்டுப் போவேன். எண்ணெய் விடுவதை மட்டும் முந்தின நாளே முடித்துவிடுவேன், அவர்கள் பேசுவதை இனி நான் கேட்க வேண்டியதில்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். என் கோபத்தைப் பற்றிய வரி தேவையா என்று அலுவலர் கேட்டார். இருக்கட்டும், அதுவும் உண்மைதான் என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ப. ஜெகநாதன்