இரண்டு சாக்லேட் பால்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால், தியாகதுருகம் தாண்டி எங்கள் பஸ் நின்றுவிட்டது. முன் சீட்டில் மசக்கையோடு ஒரு பெண்ணும் அவள் அக்காவும்.

“சாக்லேட்டு பாலாக்கா இது? சாக்லேட்டு டப்பாவ கழுவுன தண்ணி!” கடையில் வாங்கிய பாட்டிலைத் தங்கை திருப்பிக் கொடுத்தாள்.

“அப்ப இத குடி. வூட்ல நானே கோக்கோ போட்டு ஆத்துனது.”

“இன்னாக்கா, கசக்குது?”

“சக்கர கம்மி. ரெண்டு நாளா எத குடிச்சாலும் வாந்தி எடுத்துக்கினு கீற. இனிப்பு ஜாஸ்தியானா இதுவும் தங்காது.”

தங்கை நாலு மிடறு குடித்தாள். அக்கா சன்னலைத் திறந்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் போயிற்று.

“தங்கிச்சாடி?”

“தங்கிச்சுக்கா. மீதியும் குடு.”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மெதுவா குடி. பஸ்ஸு இப்ப கெளம்பாது.”